படம் இல்லாத அந்த இடம்

சென்ற மாதம் கல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. பேசியவர் மௌமிதா என்ற இளம்பெண். பழைய ஆவணப்படங்களைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றுவது அவர் வேலை. பல வருடங்களுக்கு முன்பு நான் ஒலிப்பதிவு செய்த ஒரு படம் அவர் கைக்கு வந்திருக்கிறது. கங்கை டால்ஃபின்களுக்காக ஆயுள் முழுவதும் உழைத்த ஓர் அம்மாளைப் பற்றிய படம். அதில் ஓர் இடத்தில் காட்சி அழிந்துபோயிருக்கிறது என்றார். சத்தம் மட்டும் வருகிறதாம், திரை கறுப்பாக இருக்கிறதாம். ஆற்றுக் காட்சி ஏதாவது போட்டு அடைத்துவிடலாமா, வேண்டுமானால் கம்ப்யூட்டரிலேயே ஒரு டால்ஃபினை உண்டாக்கி நீந்த விடலாம், பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்று பெங்காலியில் கேட்டார்.

அங்கே எதுவும் அழியவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். போனில் முடிகிற விஷயமாக இல்லை. எழுதிக் கொடுத்தால் படத்தோடு சேர்த்துப் போடுவதாகச் சொன்னார். எனக்குப் பெங்காலி பேசத்தான் வரும், எழுத வராது. துறைமுகக் குடியிருப்பிலிருந்து நான் படிக்கப் போனது தமிழ்ப் பள்ளிக்கூடம். அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் தேடுவது மௌமிதாவின் பாடு.

என் பெயர் சங்கரலிங்கம். அப்பா கிதர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நான் டாலிகஞ்சில் ஒரு ஸ்டுடியோவில் கேபிள் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். மைக்கை நீளக் கம்பில் கட்டி நடிகர்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சில வருடங்கள், நாடா சுற்றும் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சில வருடங்கள், டிஜிட்டல் வந்த பிறகு தெரிந்ததையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் படித்தது சில வருடங்கள். பாட்டும் சண்டையும் உள்ள படங்களைவிட ஆவணப்படங்களில்தான் என் காலம் அதிகம் போயிற்று. அதற்குக் காரணம் நிகில் தா.

நிகில் தா டைரக்டர், ‘தா’ என்றால் பெங்காலியில் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மார்ச் மாத வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். படப்பிடிப்பில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ‘கட்’ என்று வாயால் சொல்ல மாட்டார். உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகத் தாழ்த்துவார். அதற்குப் பிறகும் யாரும் அசையக் கூடாது. அந்த இடத்தின் வெறும் சத்தத்தை நான் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. மின்விசிறி, தூரத்து ரிக்‌ஷா ஹார்ன், பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய். அதைப் பதிந்து வைத்துக்கொள்ளாமல் காட்சிகளை வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் காதில் இடறும். பல டைரக்டர்கள் இதற்குப் பொறுமை இல்லாமல் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை நிற்பார்.

எடிட்டிங்குக்கு உட்காரும்போதும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். அடுத்து, திரையை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பார். மூன்றாவதாகத்தான் இரண்டையும் சேர்த்து. எவ்வளவு அவசரமான வேலையானாலும் இந்த வரிசை மாறாது. ரொம்பவும் பிடிவாதக்காரர். அவர் வைக்க நினைத்த ஷாட்டை நீக்கச் சொல்லி ஜெயித்த தயாரிப்பாளரை நான் பார்த்ததில்லை.

அவர்தான் ஒரு நாள், உங்கள் ஊர் அம்மாள் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறோம் என்றார். அப்படித்தான் வசந்தா அக்கா எனக்குப் பழக்கமானார். வங்காளிகள் வாயில் ‘வ’ வராது, அவர்களுக்கு அவர் ‘பசந்தா தி’, அதாவது வசந்தா அக்கா. கும்பகோணத்துக் குடும்பம். அப்பா மத்திய அரசு கணக்கு அலுவலகத்தில் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்தவர். அக்கா விலங்கியல் படித்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். தினமும் ஃபெர்ரியில் போகும்போதுதான் ஷுஷுக்கைப் பார்த்திருக்கிறார்.

ஷுஷுக் என்பது கங்கை டால்ஃபினுக்கு இங்கே வழங்கும் பெயர். மூச்சு விடத் தண்ணீருக்கு மேல் வரும்போது எழும் சத்தமே பெயராகிவிட்டது. அதற்குக் கண் கிட்டத்தட்டத் தெரியாது. கலங்கல் தண்ணீருக்குள் சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்பி, அவை எதிலாவது மோதித் திரும்புவதைக் கேட்டுத்தான் வழியையும் இரையையும் கண்டுபிடிக்கும். அக்கா தொடங்கிய காலத்தில் ஹூக்ளி ஆற்றில் அதைப் பற்றிக் கவலைப்பட ஆளே இல்லை. மீனவர்கள் அதன் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுப்பார்கள். அந்த எண்ணெயைத் தண்ணீரில் சொட்டு சொட்டாக விட்டால் சில வகை மீன்கள் தேடி வரும்.

அக்கா அவர்களிடம் போய்ப் பாவம் புண்ணியம் பேசவில்லை. அதே மாதிரி மீனை இழுக்கும் வேறு எண்ணெய் இருக்கிறதா என்று தேடினார். சந்தையில் எறிந்துவிடும் மீன் குடலையும் செதிலையும் வாங்கி வந்து, லேக் கார்டன்ஸில் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையலறையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தார். முட்டைகூடத் தொடாத குடும்பத்துப் பெண். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டுக்காரர்களே அந்த நாற்றம் தாங்காமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். “நல்லதாப் போச்சு, அதுக்கப்புறம்தான் ஆத்தங்கரையிலேயே வீடு பார்த்தேன்” என்று என்னிடம் சிரிப்பில்லாமல் சொன்னார். எண்ணெய் பலித்தது. அந்தக் கரையில் ஷுஷுக்கைக் குத்திக் கொல்வது நின்றது. அவரோடு முதலில் படகேறிய மீனவர் ஹரேன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது பின்னால் புரியும்.

குளிர்காலத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. சில நாட்களிலேயே தகராறும் தொடங்கியது. ஷுஷுக் எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. எழுந்தாலும் நீண்ட மூக்கும் முதுகின் ஒரு வளைவும் கண்ணிமைக்கும் நேரம் தெரியும், அவ்வளவுதான். கேமரா திரும்புவதற்குள் வட்ட வட்டமாகத் தண்ணீர் மட்டும் மிஞ்சும். படத்துக்கு ஏற்பாடு செய்த டெலிவிஷன்காரர்கள் டால்ஃபின் துள்ளிக் குதிக்க வேண்டும் என்றார்கள். கடல் டால்ஃபின் காட்சிகளும், அவை விசில் அடிக்கும் சத்தமும் அவர்களிடமே தயாராக இருந்தன. நிகில் தாவுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், கையில் இருந்ததோ வெறும் தண்ணீர்.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த ஆற்றில் இல்லாத பிராணியை இந்த ஆற்றில் காட்டுவதானால் தன்னைப் பற்றிய படமே வேண்டாம் என்றார்.

கண்ணுக்கு அகப்படாததைக் காதால் பிடிக்கலாமே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்றைத் தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் இரவல் வாங்கி வந்தேன். அதை இறக்குவதற்கும் பக்குவம் வேண்டும். படகை ஒட்டி விட்டால் பலகையில் அலை அடிப்பதுதான் கேட்கும். நீள மூங்கிலை வெளியே நீட்டி, அதன் நுனியிலிருந்து கேபிளைத் தொங்கவிட்டேன். மூங்கில் படகைத் தொடும் இடத்தில் பழைய கம்பளியைச் சுற்றினேன். கேபிள் நுனியில் ஒரு துண்டுச் செங்கல்.

முதலில் கேட்டது மணல். ஆற்றின் அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், அரிசி களைவது மாதிரி. பிறகு பட்பட்டி. மோட்டார் வைத்த படகுக்கு இங்கே அந்தப் பெயர். கரையில் நின்றால் பட்பட்டி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும். தண்ணீருக்கு அடியிலோ மண்டைக்குள் உரல் இடிப்பது போல் இருந்தது.

ஷுஷுக்கின் சத்தம் நம் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் இருப்பது. அதனால் கருவியில் முடிந்த அளவு நுட்பமாகப் பதிந்து, வேகத்தைப் பல மடங்கு குறைத்துப் போட்டேன். டொக், டொக், டொக் என்று யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல் வந்தது. வேகத்தைக் குறைத்தால் அதுவும் பொய்தானே என்று எனக்கே சந்தேகம். அக்காவிடம் கேட்டேன்.

“குறைச்சிருக்கோம்னு படத்துலயே சொல்லிடுங்க. சொல்லிட்டா பொய் இல்ல” என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாக, ஆறு வளையும் இடத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு விட்ட ஒரு காலிப் படகிலிருந்து மைக்கை இறக்கிக் கருவியை ஓட விட்டுவிடுவேன். நாள் முழுக்க அது தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டிருக்கும்.

ஒரு காலையில் நாங்கள் எல்லோரும் இரண்டு படகுகளில் ஆற்றில் இருந்தோம். ஆறு வளையும் இடத்திலிருந்து ஹரேனின் குரல் வந்தது. ‘பசந்தா தி’ என்று இரண்டு முறை கூப்பிட்டார். போனோம். அவருடைய நைலான் வலையில் ஒரு ஷுஷுக் குட்டி சிக்கியிருந்தது. நைலான் இழை மிக மெல்லியது. அனுப்பும் சத்தம் அதில் மோதித் திரும்பும் அளவுக்குத் தடிமன் கிடையாது என்று அக்கா பிறகு விளக்கினார். வலையில் சிக்கிய ஷுஷுக்கால் மேலே வந்து மூச்சு விட முடியாது.

அக்கா புடவையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஹரேன் அவர் சொல்லக் காத்திருக்காமல் கத்தியை எடுத்துத் தன் வலையை அறுக்கத் தொடங்கினார். நான் மைக் கம்பைப் போட்டுவிட்டு வலையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். குட்டியின் மூக்கைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அக்கா அதன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தார். கை ஓயும் வரை தட்டினார். அது மூச்சு விடவில்லை.

ஹரேன் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தார். அதன் தோலில் வலையின் கோடுகள் பதிந்திருந்தன. அவர் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. எங்கள் கேமராமேன் அதை எடுத்தார். நிகில் தாவின் உள்ளங்கை வெகு நேரம் தாழவில்லை.

அக்கா ஈரப் புடவையோடே குட்டியை அளந்தார். பிறகு வனத்துறைக்குப் போன் செய்து தகவல் சொன்னார். வலை யாருடையது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்பதையும் அதே போனில் சொன்னார். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டதற்கு, இத்தனை வருடத்தில் வலையில் சிக்கியதென்று ஒரு மீனவர் தன்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றார். சட்டம் பாதுகாக்கும் பிராணி என்பதால் கேஸ், கோர்ட் என்று பயந்து மற்றவர்கள் செத்ததைக் கல்லைக் கட்டி ஆழத்தில் அமுக்கிவிடுவார்கள். எத்தனை போகிறது, எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

டாலிகஞ்சில் எடிட்டிங் தொடங்கியபோது அந்தக் காட்சிதான் படத்தின் உயிர் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் வேலைக்காலத்தில் அதற்கு இணையான ஒரு ஷாட்டை நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்கென்று அக்கா வந்தார். பார்த்து முடித்துவிட்டு, ஹரேன் வருகிற பகுதி முழுவதையும் எடுத்துவிடச் சொன்னார்.

நிகில் தா மறுத்தார். முகத்தை மறைத்துவிடலாம் என்றார். படகையும் வளைவையும் பார்த்தாலே ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்றார் அக்கா. வலையை அறுத்தவரை யார் குற்றவாளி என்பார்கள் என்று கேட்டார் நிகில் தா. சட்டத்துக்கு அழுகிற முகம் தெரியாது என்றார் அக்கா. உங்கள் வாழ்க்கையைப் பற்றிய படத்தில் உங்கள் தோல்வியை மறைக்கப் பார்க்கிறீர்களா என்று நிகில் தா கேட்டுவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்றில்லை, கோபத்தில் தாய்மொழி வந்துவிட்டது. “சங்கரலிங்கம், அவர்கிட்ட சொல்லுங்க. குட்டி செத்ததைத் தாராளமாச் சொல்லட்டும். என்னால காப்பாத்த முடியலங்கறதையும் சொல்லட்டும். ஆனா என்னை நம்பிக் கூப்பிட்டவனைக் காட்டிக்கொடுத்துட்டு, அந்தக் கரையில நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்?”

அப்படியே பெங்காலியில் சொன்னேன். நிகில் தா மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் இறங்கி வருகிறவர்கள் இல்லை. படம் அங்கேயே நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் வேறு வேலையாக, ஆற்றடிப் பதிவுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். குட்டி செத்த அன்றைக்கும் காலையில் மைக்கை இறக்கிக் கருவியை ஓட விட்டிருந்தேன். வலையை இழுக்க ஓடியபோது அதை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கூச்சலும் கத்தி அறுப்பதும் மேலே மங்கலாக இருந்தன. அவற்றுக்குக் கீழே அந்தத் தட்டல். கிட்டே வந்து, விலகி, மறுபடியும் கிட்டே வந்து. நாங்கள் குட்டியைத் தூக்கிய பிறகும் அது நிற்கவில்லை. நாங்கள் கரைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. நடுவில் ஒரு பட்பட்டி வந்து எல்லாவற்றையும் அமுக்கியது. அது போனதும் தட்டல் மீண்டும் கேட்டது.

நிகில் தாவைக் கூப்பிட்டு விளக்கை அணைத்தேன். எது என்று சொல்லவில்லை, போட்டேன். முடிந்ததும் இன்னொரு முறை என்றார். இரண்டாவது முறை முடிந்த பிறகு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். “இதுக்கு மேல எந்தப் படத்தை வெச்சாலும் சத்தம் செத்துடும்” என்றார். எடிட்டரைக் கூப்பிட்டு, ஹரேன் காட்சியை முழுவதும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கறுப்பாக விடச் சொன்னவர் அவர்தான். டெலிவிஷன்காரர்கள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை அவரே நடத்தி அவரே ஜெயித்தார்.

கூட வரும் குரல் என்ன சொல்ல வேண்டும் என்பதில் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. தாய் அழுகிறது என்று எழுதியிருந்தோம். அது தாய் என்பதற்குச் சாட்சி இல்லை, அழுகை என்பதற்கும் இல்லை என்று இரண்டையும் அடித்துவிட்டார். கடைசியில் நின்றது இதுதான்: வலையில் சிக்கிய ஒரு குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை, இது பெரிய ஷுஷுக் ஒன்று தேடும் சத்தம், நாம் கேட்பதற்காக வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது.

வேறு எங்கே காட்டுவதற்கும் முன்னால் ஆற்றங்கரையில் காட்ட வேண்டும் என்றார் அக்கா. அந்த ஊர்க் கிளப்பின் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல்களில் சணல் சாக்கு தொங்கவிட்டு ஏற்பாடு செய்தோம். அதிகாரிகள் யாரும் அன்றைக்கு வர வேண்டாம் என்று அக்கா முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். கிளப்பின் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் எடுபடாது என்று நானே பெரியதாக இரண்டு ஸ்பீக்கர்களை டெம்போவில் ஏற்றிப் போயிருந்தேன். மீனவர்கள், பட்பட்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று அறை நிரம்பிவிட்டது. ஹரேன் சுவரோரம் நின்றார். தன் காட்சி படத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். அக்காவே போய்ச் சொல்லியிருந்தார்.

படம் தொடங்கியதும் தெரிந்த முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரை கறுத்தபோது கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். பிறகு தட்டல் வந்தது. பேச்சு நின்றது. பட்பட்டி அதை அமுக்கியபோது முன்வரிசையில் இருந்த படகோட்டி ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டல் மறுபடியும் வந்தது.

படம் முடிந்து சாக்குகளை விலக்கியதும் ஹரேன் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

“அந்த வலை என்னோடது” என்றார்.

யாருக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் அத்தனை பாடுபட்டோமோ, அந்த ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது அவரே சொன்னார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் பார்க்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “போன மழைக்கு என் வலையிலும் ஒண்ணு. கல்லைக் கட்டி அமுக்கிட்டேன்” என்றார். பிறகு இன்னொருவர். பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து. தன் புருஷன் சொல்ல மாட்டார் என்று ஒரு பெண் அவருக்குப் பதிலாக எழுந்து சொன்னார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். மூலையில் இருந்த கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சாக்பீஸால் ஹரேன் ஆற்றை வரைந்தார். ஒவ்வொருவராக வந்து புள்ளி வைத்தார்கள். புள்ளிகளில் பெரும்பாலானவை ஒரே வளைவில் விழுந்தன. அக்கா வருடக்கணக்காகப் படகில் சுற்றிக் காவல் காத்ததோ அதற்கு மேலே, புள்ளி அதிகம் விழாத இடத்தை.

“இந்த வளைவுல இனிமே வலை வேண்டாம்” என்றார் அக்கா. நாங்கள் போடாவிட்டால் வெளியூர்ப் படகுகள் வந்து போடும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். அப்படியானால் தினமும் அங்கே ஒரு படகு நிற்க வேண்டும், அதுவும் மோட்டார் இல்லாமல் துடுப்போடு என்றார் அக்கா. யாருடைய படகு என்ற கேள்வி எழுவதற்குள் ஹரேன் தன்னுடையது என்றார். முறை வைத்துக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு சாயங்காலம் வரை நீண்டது. வீட்டுப் பெண்கள்தான் சண்டையைத் தீர்த்து முறையைப் பிரித்தார்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹரேனின் படகு வளைவில் நின்றது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தார். கீழ்ப்பக்கத்திலிருந்து தெரியாத படகு ஒன்று வந்து, வலையை வீசத் தயாராக விரித்தது. ஹரேன் எழுந்து நின்று துடுப்பைக் குறுக்கே நீட்டினார். சத்தம் போடவில்லை. ஆனாலும் தண்ணீரின் மேல் குரல் எங்களுக்குத் தெளிவாக வந்தது.

“இங்க இல்ல. மேல போங்க.”

அவர்கள் ஏதோ கேட்டார்கள். அவர் அதையே திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு படகும் அசையாமல் நின்றன. பிறகு அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு மேலே போனார்கள்.